ஓய்வுக்கும் ஓர் அளவு: ஃபைப்ரோமயால்ஜியா உளச்சிகிச்சையின் வரலாறும் ஆரணித் தறியும்

உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்பவருக்கு ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் பிடிபடாமல் போவதுண்டு. தூக்கம் கெட்டு, களைப்பு தீராமல், உடல் முழுக்கப் பரவி நிற்கும் இந்த வலி ஃபைப்ரோமயால்ஜியா எனப்படுகிறது. பெண்களிடமே அதிகம் கண்டறியப்படுகிறது. இதற்கான உளச்சிகிச்சைகள் பல உருவெடுத்திருந்தாலும், ஆரணி போன்ற நெசவூருக்கு மிகவும் பொருந்துவது அவற்றில் பழையதும் எளியதுமான பகுதியே என்பது என் வாதம்: வேலையையும் ஓய்வையும் வலி தீர்மானிக்க விடாமல், முன்கூட்டியே அளவிட்டுக்கொள்வது.

1904இல் வில்லியம் கவர்ஸ் இதையொத்த வலிகளுக்கு ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்று பெயரிட்டார். நார்த்திசுவில் அழற்சி இருக்கும் என்பது அவர் கணிப்பு. அந்த அழற்சி பின்னால் நிறுவப்படவில்லை. 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த ‘வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு’ கேள்வியையே மாற்றிப் போட்டது: வலிச் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளுக்கும் அதில் பங்குண்டு. மனத்தின் வழியாக வலியை அணுகுவதற்கு உடலியல் அடிப்படை இப்படித்தான் கிடைத்தது. சியாட்டிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் நடத்தையின் வழியாக வலியை அணுகினார். அவருடைய நூல் 1976இல் வந்தது. வலிக்கும்போது மாத்திரை என்பதை மாற்றிக் கடிகாரப்படி மாத்திரை கொடுத்தார். வலி தாங்க முடியாமல் போகும்வரை நடை என்பதை மாற்றி, குறித்த தூரம் நடந்ததும் ஓய்வு என்றார். ஓய்வு வலிக்குக் கிடைக்கும் பரிசாக இருக்கக் கூடாது, முடித்த வேலைக்குரியதாக இருக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம்.

பிறகு வந்தவர்கள் எண்ணங்களின் பக்கம் திரும்பினர். 1979இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் தியானப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். 1983இல் டர்க், மெய்க்கன்பாம், ஜெனஸ்ட் ஆகியோரின் நூல், எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையை வலிக்கு விரித்தது. பலன் உண்டு, ஆனால் சிறிது: ஃபைப்ரோமயால்ஜியாவில் இச்சிகிச்சையை ஆராய்ந்த 2013இன் காக்ரேன் தொகுப்பாய்வு வலி, மனச்சோர்வு, செயலிழப்பு மூன்றிலும் சிறு முன்னேற்றத்தையே கண்டது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் வலுவான ஆதரவு உடற்பயிற்சிக்கு மட்டுமே.

நமக்கு நெருக்கமான சான்று இலங்கையில் இருக்கிறது. மருத்துவக் காரணம் பிடிபடாத உபாதைகளோடு திரும்பத் திரும்ப மருத்துவரிடம் வருவோரிடம் அதுல சுமதிபால குழு அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையைச் சோதித்தது. 2000இல் வெளியான சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. 2008இல் வெளியான ஆய்விலோ, குறுகிய பயிற்சி பெற்ற பொது மருத்துவர்கள் அளித்த அந்தச் சிகிச்சை, ஒழுங்காகத் திட்டமிட்ட கவனிப்பைவிட மேலானதாக இல்லை. இரு தரப்பும் தேறின. அவர்கள் அனைவரும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் குறித்த நாளில் வரச்சொல்லி, சொல்வதைக் கேட்டு, பரிசோதித்து அனுப்பும் ஒழுங்கே பெரும் வேலை செய்கிறது என்று அதைப் படிக்கலாம். எண்ணத்தைத் திருத்தும் நுட்பம் இல்லாத ஊரிலும் இந்த ஒழுங்கு சாத்தியம்.

அப்படியானால் வலி வெறும் மனப்பிரமைதானா? இல்லை. திசுச் சேதம் தெரியாமலே நரம்பு மண்டலத்தின் வலி கையாளும் முறை மாறிப்போவதை 2017இல் உலக வலி ஆய்வுச் சங்கம் தனி வகையாகவே ஏற்றது. இன்னொரு மறுப்பு வலுவானது: குழித்தறியில் குனிந்து, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, நாளெல்லாம் நாடா ஓட்டுபவரின் முதுகுவலிக்குத் தறிதான் காரணம், அங்கே உளச்சிகிச்சை எதற்கு? முதுகோடு நிற்கும் வலிக்கு இது சரி. இருக்கையையும் வெளிச்சத்தையும் முதலில் சீராக்க வேண்டும். ஆனால் வலி ஓரிடத்தில் நிற்காமல் பரவி, தூக்கத்தையும் தின்னத் தொடங்கிய பிறகு தறியைத் திருத்தினால் மட்டும் போதாது.

உண்மையான முட்டுக்கட்டை கூலியில் இருக்கிறது. சேலைக் கணக்கில் கூலி என்றால், உடம்பு ஒத்துழைக்கிற நாளில் இருட்டும்வரை நெய்வார்கள், அடுத்த இரண்டு நாள் படுப்பார்கள். ஃபோர்டைஸ் உடைக்க முயன்ற சுழல் இதுவே. வீட்டுத் தறியில் ஒரு வசதி: எப்போது எழுவது என்பதை மேற்பார்வையாளர் சொல்வதில்லை. நாடா இத்தனை முறை ஓடியதும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், குழியை விட்டு ஏறி நடப்பது என்று அளவு வைக்க முடியும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர் தறிக்கருகில் நின்றே அந்த அளவைக் குறித்துத் தரலாம். தொடக்க வாரங்களில் நெசவு குறையும், சேலை தள்ளிப்போகும். முன்பணம் வாங்கியவரால் அதைத் தாங்க முடியாது. பாவு கொடுக்கும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கெடுவைத் தளர்த்தினால்தான் இந்தச் சிகிச்சை தொடங்கவே முடியும்.