மராமத்தும் வாசற்படியும்: அமெரிக்க வணிகக் கட்டடங்களில் ஒரு கடமையின் சரித்திரம்

புதிதாகக் கடை கட்டுகிறவனிடம், வாசலைப் படியின்றி அமை, கதவை அகலமாக வை என்று கட்டளையிடுவது எந்த அரசுக்கும் எளிது; ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கொத்தனார் ஒருவர் மூன்று படிகளைக் கட்டி முடித்துவிட்டுப் போன ஒரு பழைய கடையின் முன் நின்றுகொண்டு, இவற்றை இன்றே இடித்தெறி என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்க ஐக்கிய நாடு கண்ட பரிகாரம் விநோதமானது. உடைமைக்காரன் தன் சொந்த லாபத்துக்காகத் தானே கடப்பாரையை எடுக்கும் நாள்வரையில் பெரும் கடமையை ஒத்திவைத்து, அவன் எடுத்த அன்றே அதை அவன்மேல் சுமத்துவதென்பதே அது.

இதன் பூர்வ சரித்திரமும், வேறு காரியத்துக்கென எழுப்பிப் பின்னர் கல்விச்சாலையாக மாற்றிய ஓர் இடத்திலேயே தொடங்குகிறது. 1948-இல் இலினாய் சர்வகலாசாலை, கேல்ஸ்பர்க் நகரில் இராணுவ மருத்துவமனையாக இருந்த வளாகத்தில் ஒரு கிளையை நடத்திவந்தபோது, சக்கர நாற்காலியில் பயிலவந்த மாணவர்களுக்காக டிமதி நியூஜென்ட் என்பவர் ஒரு திட்டத்தை அங்கே ஆரம்பித்தார். மறு ஆண்டே அக்கிளை மூடப்பட்டுத் திட்டம் தலைமை வளாகத்துக்குப் பெயர்ந்தது. படிக்கட்டுகளோடு நின்ற அவ்விடத்துப் பழைய கட்டடங்களுக்குச் சாய்தளம் அமைக்கும் பிரயத்தனத்தில் அவர் பெற்ற அநுபவமும், அதையொட்டிய ஆராய்ச்சியும், 1961-இல் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனம் வெளியிட்ட ஏ117.1 என்னும் சிறு பிரசுரத்துக்கு ஆதாரமாயின. கதவின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையலாகாது, ஓர் அங்குல உயர்வுக்குச் சாய்தளம் 12 அங்குல நீளம் ஓடவேண்டும் என்ற அளவுகள் அதிற் கண்டவை, இன்றும் வழங்குபவை. ஏழேழு அங்குலமாக மூன்று படிகள் இருப்பின் சாய்தளத்துக்கு 21 அடி வேண்டும் என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்கக் கோருகிறேன்.

அப்பிரசுரத்துக்குச் சட்ட பலம் இல்லை. 1968-இன் கட்டடத் தடைகள் சட்டம் மத்திய அரசின் பணத்தால் கட்டுபவற்றையும் மாற்றியமைப்பவற்றையும் மட்டுமே கட்டுப்படுத்திற்று. 1973-இன் மறுவாழ்வுச் சட்டம் அரசு உதவி பெறும் ஸ்தாபனங்களோடு நின்றுவிட்டது. அதற்குரிய விதிகளைப் பெறுவதற்கே 1977-இல் ஸான்பிரான்சிஸ்கோவில் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்குள் போராட்டக்காரர்கள் ஏறக்குறைய நான்கு வாரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. மளிகைக் கடையும் சலூனும் உணவுவிடுதியும் இவற்றுக்கெல்லாம் வெளியிலேயே இருந்தன. 1990 மார்ச்சு 12-ஆம் தேதி, சக்கர நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டு, காங்கிரஸ் மாளிகையின் படிகளில் கையாலும் முழங்காலாலும் பலர் ஊர்ந்தேறிய காட்சியை நாடு கண்டது. அவ்வாண்டு ஜூலை 26-ஆம் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டமே தனியார் வணிக இடங்களுக்குள் முதன்முதலாக நாடு தழுவிய அளவில் பிரவேசித்தது.

அச்சட்டம் மராமத்தைப் பற்றிச் சொல்வது இரு படியானது. மாற்றிய பகுதி எதுவோ அது இயன்ற எல்லைவரை அனைவருக்கும் பயன்படுவதாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. வங்கியின் வாடிக்கையாளர் கூடம், உணவுவிடுதியின் சாப்பாட்டுக் கூடம் போன்று தொழிலின் பிரதான காரியம் நடக்கும் பகுதியை மாற்றினால், தெருவிலிருந்து அப்பகுதியை அடையும் வழியும், அதற்குரிய கழிப்பறையும் சீர்பெறவேண்டும் என்பது மற்றொன்று. செலவு அளவு மீறினால் வழியைப் பற்றிய கடமை குறையும் என்று கூறிய காங்கிரஸ், அளவு எது என்பதை அட்டர்னி ஜெனரலுக்கு விட்டுவிட்டது. 1991 ஜூலையில் வெளிவந்த நீதி இலாகாவின் விதிகள் அதை நூற்றுக்கு 20 என்று வரையறுத்தன; 1992 ஜனவரி 26-க்குப்பின் நடக்கும் மராமத்துகளுக்கு அவை செல்லுபடியாயின. கூடத்தைப் புதுக்க 1,00,000 டாலர் செலவழிப்பவர் வழிக்காக 20,000 வரை செலவழிக்கக் கடமைப்பட்டவர்; அத்தொகை எல்லாவற்றுக்கும் போதாவிடின் முதலில் வாசல், பின்பு உள்வழி, அதன்பின் கழிப்பறை, தொலைபேசி, குடிநீர்க் குழாய் என்பது விதி கூறும் முறை. வாசலுக்கு முதலிடம் தந்தது மிகவும் நியாயம். உள்ளே வரமுடியாதவனுக்குக் குடிநீர்க் குழாய் எதற்கு?

வேலையைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் கடமையைக் குறைத்துக்கொள்ளும் சாமர்த்தியத்தையும் விதி செய்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். வழியைச் சீராக்காமல் ஒரு பகுதியை மாற்றிய பின், அதே வழியை நம்பிய வேறு மாற்றங்களும் தொடர்ந்தால், மூன்றாண்டுச் செலவையும் ஒன்றாகக் கூட்டியே நூற்றுக்கு 20 கணக்கிடப்படும். மொத்த விதிகளிலும் உலக அநுபவம் மிகுந்தது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

எது மாற்றம், எது வெறும் பராமரிப்பு என்னும் விவகாரம் எதிர்பார்க்கத்தக்கதே. வர்ணம் பூசுவதும் கூரையைப் புதுப்பிப்பதும், பயன்பாட்டைப் பாதிக்காதவரையில், மாற்றமாகா. ஆனால் பிலடெல்பியாவின் தெருக்களுக்குப் புதிய தார்த்தளம் போடுவதே மாற்றம்தான், ஆகவே நடைபாதை ஓரங்களில் சரிவும் அமைக்கவேண்டும் என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கின்னி வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கு நகராட்சியின் தெருவைப் பற்றியதாயினும், மாற்றம் என்னும் சொல்லின் அகலத்தை அது காட்டிற்று.

கிடங்கைக் கடையாக்கும்போது இன்னொரு கடமையும் உடன் வருகிறது. கிடங்கும் தொழிற்சாலையும் மராமத்தின்போது மட்டுமே பொறுப்பேற்பவை. பொதுஜனங்கள் வந்துபோகும் கடையோ, மராமத்தே செய்யாதபோதும், அதிகச் சிரமமும் செலவுமின்றி நீக்கக்கூடிய தடைகளை நீக்கியாகவேண்டும். சிறு வியாபாரிகளுக்கு இச்செலவில் ஒரு பகுதியை, ஆண்டுக்கு 5,000 டாலர் வரை, வரிச்சலுகையாக அரசு ஏற்றது. 2010-இல் திருத்திய அளவுகள் 2012 மார்ச்சு 15 முதல் கட்டாயமாயின; முந்தைய அளவுக்கு ஒத்திருந்தவற்றை மீண்டும் இடிக்கவேண்டாமென்ற சலுகையும் உடன் வந்தது.

இத்தனை நுணுக்கத்திலும் ஓர் ஓட்டை தங்கிவிட்டது. வாடகைக்காரர் தாம் மட்டும் அநுபவிக்கும் பகுதியை மாற்றினால், உடைமைக்காரர் வசமுள்ள பொதுவாசலின்மேல் வழிக் கடமை எழாது என்று விதி சொல்கிறது. ஒரே கட்டடத்தின் மூன்று கடைகளை மூன்று வாடகைக்காரர்கள் அடுத்தடுத்துப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு கடையின் உள்ளும் கதவு 32 அங்குலம் திறக்கும். பொதுவாசலின் மூன்று படிகளைப் பற்றி எஞ்சுவது, எளிதில் நீக்கக்கூடியதா என்ற அந்தப் பழைய கேள்வி. 21 அடிக்கு இடம் தராத ஒடுங்கிய நடைபாதையில் அதற்கு உடைமைக்காரர் என்ன பதில் சொல்வார் என்பது தெரிந்ததே.