வேலையின்மை அளவீடு: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து

வேலையின்மை விகிதம் என்பது, வேலை செய்வோரும், வேலை தேடுவோர் அல்லது கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்போரும் சேர்ந்த தொகுதியாகிய தொழிலாளர் படையில், வேலை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதைக் குறிக்கும் அளவாகும். வேலைக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிட்டவர்கள் இத்தொகுதிக்கு வெளியே நிற்பதால், அவர்கள் பெருகினாலும் விகிதம் உயர்வதில்லை, சில வேளைகளில் குறையவும் செய்யும்.

ஆலைத் தொழில் நிலைபெற்ற நாடுகளுக்கென உருவான இந்த அளவுகோல் ஊரகத்துக்கு முழுமையாகப் பொருந்தாது என்பதை உணர்ந்து, எம்.எல். தாந்த்வாலா தலைமையிலான வல்லுநர் குழு 1970இல் அளித்த அறிக்கையின் வழியில், தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 1972–73 முதல் மூன்று அளவுகளைக் கையாண்டது. கடந்த 365 நாட்களைக் கணக்கில் கொள்வது வழமை நிலை. கடந்த ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவரை வேலையில் இருப்பவராகக் கொள்வது நடப்பு வார நிலை. ஆட்களை எண்ணாமல் அந்த ஏழு நாட்களை அரை நாள்களாகப் பிரித்து எண்ணுவது நடப்பு நாள் நிலை.

இவற்றின் வேறுபாட்டைக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன நெல் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் நடவும் களையெடுப்பும் ஒரே சமயத்தில் வந்து ஆள் தட்டுப்பாட்டை உண்டாக்குகின்றன; அவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களில் கூலிவேலை அருகிவிடுகிறது; முன்பு பல நாள் கூலி தந்த கதிர் அறுப்பைப் பெரும்பாலும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. நடவு கழிந்த ஒரு வாரத்தில், ஒரு காலையில் மட்டும் மூன்று மணி நேரம் களை பறித்துவிட்டு, மற்ற நாட்களில் கூப்பிட ஆளின்றி வீட்டில் இருந்த, பட்டந்தோறும் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால், வழமை நிலையிலும் நடப்பு வார நிலையிலும் அவர் வேலையில் இருப்பவரே. நடப்பு நாள் நிலை மட்டுமே அவருக்கு அரை நாள் வேலையும் ஆறரை நாள் வேலையின்மையும் எழுதும். மூன்றில் ஊரக உண்மைக்கு மிக அருகில் வருவது இதுவே என்றாலும், தலைப்புச் செய்தியாகும் எண் இதிலிருந்து எடுக்கப்படுவதில்லை.

ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோரும் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்படுகின்றனர். காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் தார் சுற்றும் பெண்களும், சொந்த நிலத்தில் களையெடுக்கும் பெண்களும் இவ்வகையினர். அவர்களது உழைப்பைக் கணக்கில் சேர்ப்பது முறையே. ஆனால் கையில் காசு வராத உழைப்பும் மாதச் சம்பளமும் ஒரே எண்ணுக்குள் அடங்கும்போது, குறைந்த வேலையின்மை விகிதத்தைச் செழிப்பின் அறிகுறியாகக் கொள்ள இடமில்லாமல் போகிறது. நாள் முழுதும் வேலையின்றிக் காத்திருக்க வசதி வேண்டும். அந்த வசதி இல்லாதவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். படித்தவர்களிடையே விகிதம் உயர்ந்து காணப்படுவதற்கும், 2023–24இல் வழமை நிலைப்படி இந்திய ஊரகங்களில் 2.5 சதவீதமாகவும் நகரங்களில் 5.1 சதவீதமாகவும் அது பதிவானதற்கும் இதுவும் ஒரு காரணம். அதே ஆண்டில் நாடு முழுமைக்குமான விகிதம் வழமை நிலையில் 3.2 சதவீதம், நடப்பு வார நிலையில் 4.9 சதவீதம்.

நம்பகத்தன்மையைப் பற்றிய ஐயம் வரையறையோடு நிற்பதில்லை. மேற்சொன்ன சதவீதங்களைத் தரும், 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வின் முதல் அறிக்கை வெளியிடப்படாமல் இருந்த நிலையில், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினர், 6.1 சதவீத வேலையின்மையைக் காட்டிய அந்த அறிக்கை, மக்களவைத் தேர்தல் முடிந்த பின் மே 31 அன்று வெளிவந்தது. களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்களில் குற்றம் காணப்படவில்லை. வெளியிடும் காலத்தை ஆட்சியாளர் தீர்மானிக்க முடிந்ததே கேடு. சிஎம்ஐஇ எனும் தனியார் நிறுவனத்தின் மதிப்பீடுகள் பெரும்பாலும் அரசின் எண்ணைவிட உயர்ந்திருப்பதைக் கொண்டு அரசின் எண்ணைப் பொய் என்பதும் சரியன்று. அந்நிறுவனம் கேட்கும் காலவரம்பே வேறு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு மாதிரி ஆய்வுக்கு மாற்றாகாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளியும் அரசு வேலையை எதிர்பார்த்து மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள முடியும். மாதிரி ஆய்வோ வட்ட அளவில் விகிதம் தருவதில்லை. 2025 ஜனவரியில் மாதிரி வடிவமைப்பில் மாவட்டம் அடிப்படை அலகாக்கப்பட்டு, மாத மதிப்பீடுகளும் வரத் தொடங்கியபோதும், உத்திரமேரூருக்கெனத் தனி எண் கிடைக்கவில்லை.

ஊர் அளவில் வேலைத் தேவையைக் காட்டியிருக்கக்கூடிய ஆவணம், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு 2008இல் வந்த நூறு நாள் வேலைத் திட்டத்தின் கோரிக்கைப் பதிவாகும். வேலை கேட்ட பதினைந்து நாட்களுக்குள் தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று அச்சட்டம் கூறியதால், தேதியிட்ட ரசீதே உரிமைக்கும் கணக்குக்கும் ஆதாரமாயிற்று. ஆயினும் நாட்டின் பல பகுதிகளில் வேலை ஒதுக்கப்பட்ட பிறகே கோரிக்கை எழுதப்படுகிறது என ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டினர்; அவ்வாறு எழுதப்பட்ட இடங்களில், கேட்டும் கிடைக்காத நாட்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.