ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த அழைப்பு

1944-இல் ஹார்வர்டில் மார்க் ஒன் என்ற ராட்சதக் கணிப்பொறி ஓடத் தொடங்கியது. அதற்கான கட்டளைகள் காகித நாடாவில் துளைகளாக இருந்தன. ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டுமா? நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். அன்று லூப் கையால் தொடக்கூடிய பொருள். ஒவ்வொரு கணக்குக்கும் பசையும் கையுமாக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

1951-இல் சூரிச்சில் ஹெயின்ஸ் ருட்டிஷவுசர் பசைக்கு விடை கொடுத்தார். 'ஃப்யூர்' என்று ஒரு சொல்லை எழுதினால் போதும், அடுத்துள்ள கட்டளைகள் வேண்டிய முறை ஓடும். அதுவே பிறகு 'ஃபார்' ஆனது. 1957-இல் ஃபோர்ட்ரான் மொழி 'டூ' என்று கொண்டுவந்தது. திரும்பச் செய்ய இனி வேறு வழியே வேண்டாம் என்று தோன்றிய நேரத்தில், அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி வேறு பாட்டுப் பாடினார்: ஒரு செயற்கூறு (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு) தன்னைத்தானே அழைத்தால் என்ன? அதற்குப் பெயர் ரிகர்ஷன்.

1960 ஜனவரியில் அல்கால் என்ற நிரல் மொழியை முடிவு செய்யப் பாரிஸில் நிபுணர்கள் கூடினார்கள். தன்னையே அழைக்கும் செயற்கூறுகளுக்குத் தனி அடையாளச் சொல் வைக்கலாம் என்ற யோசனை வாக்கெடுப்பில் தோற்றது. கதை முடிந்தது என்றே தோன்றியது. அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த பீட்டர் நவுருக்குக் கோபன்ஹேகனில் பிப்ரவரியில் தொலைபேசி மணி அடித்தது.

மறுமுனையில் ஆம்ஸ்டர்டாமின் கணிப்பொறி அறிஞர்கள் வான் வைன்கார்டனும் டைக்ஸ்ட்ராவும். அவர்கள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: செயற்கூற்றின் பெயர் அதன் உடலுக்குள்ளேயே வந்தால், அது அந்தச் செயற்கூற்றை இயக்கும். அதன் துணிச்சலில் நவுர் மயங்கிவிட்டார், சேர்த்துவிட்டார். அல்கால் குழுவிலிருந்த ஜெர்மனியின் பாவர் இதை 'ஆம்ஸ்டர்டாம் சதி' என்று பின்னாளில் பொருமினார். கொல்லைப்புற வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் எழுதியதை ஓட்டிக் காட்ட வேண்டுமே!

டைக்ஸ்ட்ராவும் அவருடைய சகா யாப் சோனவெல்டும் எக்ஸ்1 என்ற கணிப்பொறியோடு மல்லுக்கட்டினார்கள். முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று ஒப்பந்தம். தன்னை அழைக்கும் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்ற வேலையின் மதிப்புகளை எங்கே வைப்பது? தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். ஆகஸ்டில் அல்கால் எக்ஸ்1-இல் ஓடியது. சோனவெல்ட் தாடியை எடுத்தார். டைக்ஸ்ட்ரா கடைசிவரை எடுக்கவேயில்லை. லூப்பா, ரிகர்ஷனா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

2015 மே மாதம் அந்த வழக்கு எதிர்பாராத கைக்கு வந்தது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், சுடோக்கு தீர்க்கத் தாம் சி++ மொழியில் எழுதிய நிரலை ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். அதன் 'பிளேஸ்' செயற்கூற்றுக்குள் ஒரு 'வைல்' லூப். கட்டத்துக்குப் பொருந்தும் எண்களை அது ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறது. அந்த லூப்பின் வயிற்றுக்குள்ளேயே 'பிளேஸ்' மறுபடி தன்னை அழைத்து அடுத்த கட்டத்துக்குப் போகிறது. வழி அடைத்தால் திரும்பி வருகிறது. பரம வைரிகள் இருவரும் ஒரே செயற்கூற்றில் குடித்தனம்!

ஆனால் ரிகர்ஷனுக்கு எல்லை உண்டு: நீளப் பட்டியல் ஒன்றை ரிகர்ஷனில் அலசினால் பைத்தான் மொழி இயல்பாக ஏறத்தாழ 1,000 அடுக்கு வரை பொறுக்கும். பிறகு பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிடும்.