மருத்துவ ஆய்வுக்குக் கையெழுத்து கேட்டால்: அதற்கு முன் பார்த்தவர்கள் யார்?

பினாங்கு மருத்துவமனைகளில் சிகிச்சைக்குச் செல்லும்போது, "ஓர் ஆய்வில் கலந்துகொள்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டுச் சில பக்கத் தாள்களைக் கொடுக்கலாம். அந்தத் தாள்கள் உங்கள் கைக்கு வருமுன் ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும்.

இத்தகைய குழு ஏன் தேவை என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் பெரிபெரி நோயால் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே கண்டது. 1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். சுமார் 120 பேருக்கு வெள்ளை அரிசி, ஏறக்குறைய அதே எண்ணிக்கையினருக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தனர். மற்றப் பிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. அறிவியலுக்கு அது பெரிய வெளிச்சம்தான். ஆனால் காப்பகத்தில் இருந்தவர்கள் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. இன்று அந்தத் திட்டம் குழுவின் முன் வந்தால், "நோய் தலைகாட்டியதும் சோதனையை நிறுத்துவீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

1947 நியூரம்பெர்க் விதிகள், 1964 ஹெல்சிங்கி பிரகடனம் ஆகியவை வந்த பிறகே ஆய்வில் பங்கேற்பவரின் சம்மதம் உலக அளவில் அடிப்படை நெறியானது. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளை அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு பரிசீலிக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் குழு உண்டு. பினாங்கில் அப்பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையும் லாம் வா ஈ மருத்துவமனையும் இணைந்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்துள்ளன.

குழுவில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் அறிவியல் துறை சாராதவர். ஒருவர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருபவர். விளங்காததை "விளங்கவில்லை" என்று சொல்வதே அந்த வெளியாளின் பெரிய உதவி. தம் சொந்த ஆய்வு பரிசீலனைக்கு வரும்போது உறுப்பினர் வாக்களிக்க முடியாது.

ஆய்வு உண்மையிலேயே விடை தருமா, ஆபத்துக்கு ஈடான பயன் உண்டா, பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நோயாளியின் விவரம் இரகசியமாக இருக்குமா என்பதையெல்லாம் குழு அலசும். ஒழுங்காக வடிவமைக்காத ஆய்வு, வலி தராவிட்டாலும், தவறானதே; மனிதரை வீணாக உட்படுத்துகிறது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது பணம். நிறுவன மருந்துக்கும் அதன் மலிவான மாற்று மருந்துக்கும் வேறுபாடு உண்டா என்று பார்க்க, ஆரோக்கியமானவர்களுக்குப் பணம் கொடுத்து இரத்தம் எடுப்பதுண்டு. அது நேரத்துக்கும் பயணத்துக்குமான ஈடாக இருக்கலாம். வறுமையில் இருப்பவரை ஆபத்துக்கு இழுக்கும் தொகையாக இருக்கக் கூடாது. பாதியில் விலகினால் ஒரு காசும் கிடையாது என்ற நிபந்தனையையும் குழு ஏற்காது. இரண்டாவது, ஆள் சேர்க்கும் வழி. தோட்ட நிர்வாகமோ மேலாளரோ அழைத்தால் தொழிலாளி எப்படி "வேண்டாம்" என்பார்? அதனால் முதலாளி வழியாக ஆள் திரட்டும் திட்டங்களைக் குழு கூடுதல் கவனத்துடன் பார்க்கும்.

சம்மதப் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தமிழில் கேளுங்கள். எழுத்தறிவு இல்லாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வில் தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். விவரம் தெரிந்த பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

ஒப்புதலோடு குழுவின் வேலை முடிவதில்லை. கடுமையான பக்கவிளைவுகள் குழுவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். தேவைப்பட்டால் குழு ஆய்வை நிறுத்திவிடும்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது. கையெழுத்திட்டால் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில்தான் இருக்கும்.