தத்ரூபம் என்பது எது? கையடக்கக் கார்ப்பந்தய விளையாட்டுகளின் சிறு வரலாறு

ஒரு மெழுகுச் சிலையைக் கண்டு 'தத்ரூபமாக இருக்கிறது' என்கிறோம். வடமொழியில் 'தத்' என்றால் அது. 'ரூபம்' என்றால் வடிவம். 'அதே வடிவம்' என்பதே சொல்லின் நேர்பொருள். கார்ப்பந்தய வீடியோ விளையாட்டுகளைப் பாராட்டவும் தமிழில் இச்சொல்லையே பயன்படுத்துகிறோம். ஆனால் கையில் ஏந்தி விளையாடும் கருவிகளில் இவ்வகை விளையாட்டுகள் வளர்ந்த வரலாற்றை நோக்கினால், 'ரியலிசம்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட பண்பு முதலில் வடிவத்தையும், பின்னர் நடத்தையையும், இறுதியில் செலவையும் குறித்திருப்பது தெரியவரும். இம்மாற்றத்தைக் கவனிக்காவிட்டால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதே நமக்குப் புலப்படாமல் போகும்.

வடிவத்திலிருந்து தொடங்குவோம். 1989-இல் வெளிவந்த நின்டெண்டோவின் கேம் பாய் கருவியின் திரை 160×144 புள்ளிகள் கொண்டது; நான்கு சாயல்கள் மட்டுமே காட்டக்கூடியது. அடுத்த ஆண்டே அதில் 'எஃப்-1 ரேஸ்' வந்தது. நான்கு பேர் கருவிகளை இணைத்துப் போட்டியிடவும் முடிந்தது. அக்காலத்து விளையாட்டுகளில் கார் பெரும்பாலும் திரையில் நின்ற இடத்திலேயே நிற்கும், சாலைதான் நகரும். திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் சற்றே இடமோ வலமோ தள்ளிக் காட்டினால் வளைவு தோன்றிவிடும். இது வண்டியோட்டம் அன்று, வண்டியோட்டத்தின் சித்திரம்.

2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் ஏறத்தாழ 16.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. முப்பரிமாண உருவங்களை வரைவதற்கெனத் தனி வன்பொருள் அதில் இல்லை. தசமப் புள்ளிக் கணக்குகளையும் முழு எண்களைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருந்தது. அக்கருவியில் 2002-இல் 'வி-ராலி 3' விளையாட்டை முப்பரிமாணத்தில் ஓடச் செய்தது வி.டி-டெவ் என்ற சிறிய பிரெஞ்சு நிறுவனம். வியக்கத்தக்க சாதனைதான். எனினும் கருவியின் ஆற்றலில் பெரும்பகுதியை வடிவமே விழுங்கிக்கொண்டது.

இதற்குள் வீட்டுத் தொலைக்காட்சியில் இலக்கணம் மாறிவிட்டிருந்தது. கசுனோரி யமௌச்சியின் தலைமையில் உருவான 'கிரான் டூரிஸ்மோ' 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. காரின் எடை எவ்வாறு இடம்மாறுகிறது, எஞ்சின் ஆற்றல் எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்பனவெல்லாம் வளைவில் உணரப்பட்டன. இதன் அடிப்படை எளியது. ஒரு டயருக்குத் தரையோடு உள்ள பிடிப்பு வரம்புடையது. வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் அந்த ஒரே பிடிப்பைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பிரேக்கிலேயே முழுப் பிடிப்பையும் செலவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. நல்ல ஓட்டுநரின் திறமை என்பது இந்தப் பங்கீடுதான். இப்பங்கீட்டுக்கு அழுத்தத்தின் அளவு தேவை. 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே நிலைகள் போதா. பிளேஸ்டேஷன் 2-இன் கைப்பிடியில் முகப்புப் பொத்தான்களே அழுத்தத்தின் அளவை உணர்ந்தன. கிரான் டூரிஸ்மோ அவ்வசதியைப் பயன்படுத்திக்கொண்டது.

சோனியின் கையடக்கக் கருவியான பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கான கிரான் டூரிஸ்மோ அதே ஆண்டு மே மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. கைக்கு வந்ததோ 2009 அக்டோபரில். 800-க்கும் மேற்பட்ட கார்கள், 35 பந்தயத் தடங்கள், 4.3 அங்குலத் திரை. தடத்தில் ஒரே நேரத்தில் நான்கு கார்கள் மட்டுமே ஓடின. படிப்படியாக முன்னேறும் தொழில்முறைப் பயணம் இல்லை என்று விமர்சகர்கள் குறைகூறினர், அக்குறை நியாயமானதே. ஆனால் அதனினும் ஆழமான இழப்பு ஒன்று அதிகம் பேசப்படவில்லை. பி.எஸ்.பி.யின் பொத்தான்கள் அழுத்தத்தை உணராதவை. பிரேக் முழுவதும் உண்டு, அல்லது அறவே இல்லை.

விளையாடுபவர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். பொத்தானை விட்டுவிட்டுத் தட்டி, அழுத்தத்தின் அளவைக் கால அளவாக மாற்றிக்கொண்டனர். மொழியியல் படித்தவர்களுக்கு இது அயலானதன்று. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'கல்' என்பதையும் 'கால்' என்பதையும் வேறுபடுத்துவது உயிரொலியின் நீளம். விரலின் வலிமையைச் சொல்ல முடியாத பொத்தானில் விரல் தங்கிய நேரம் பொருள் பெற்றது. உடல் தன் அறிவைக் கருவியின் எல்லைக்குள் மொழிபெயர்த்துக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இச்சிக்கல் எளிதில் தீரவில்லை. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் விசைகளும் இருநிலை விசைகளே. 2019-இல் அதற்கு வந்த 'கிரிட் ஆட்டோஸ்போர்ட்', 2001-ஆம் ஆண்டின் கேம்கியூப் கைப்பிடியை இணைத்து ஆடவும் இடம்தந்தது. அப்பழைய கைப்பிடியின் விசைகள் அழுத்த அளவை உணர்பவை. 2022-இல் வெளிவந்த ஸ்டீம் டெக்கில் கணினிக்கென எழுதப்பட்ட சிமுலேஷன்களும் அளவை உணரும் விசைகளும் ஒரே கையடக்கக் கருவியில் சேர்ந்தன.

இனி மூன்றாம் பொருள். நம் தலைமுறையில் பலர் பந்தயக் காரை முதலில் ஓட்டியது கைப்பேசியில்தான். 2009-இல் ஆஸ்திரேலியாவின் ஃபயர்மின்ட் நிறுவனம் வெளியிட்ட 'ரியல் ரேசிங்' கைப்பேசியையே ஸ்டியரிங் ஆக்கியது. சாய்த்தால் கார் திரும்பியது. அதுவும் அளவுடைய அசைவுதான். 2011-இல் அந்நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2013-இல் 'ரியல் ரேசிங் 3' இலவசமாக வந்தது. அதில் காருக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது, டயர் மாற்ற வேண்டியிருந்தது, பழுது பார்க்க வேண்டியிருந்தது. அதுவரை உண்மையான நேரத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க விரும்பாதவர்கள் விளையாட்டின் தங்கக் காசைச் செலவிட முடிந்தது. அக்காசை மெய்ப்பணம் கொடுத்தும் வாங்க முடிந்தது. நிஜக் காரும் பழுதாகும்தான். ஆகவே இதையும் 'ரியல்' என்று அழைப்பதில் சொல்லளவில் பிழையில்லை. ஆனால் ஓட்டுநரின் திறமையைச் சோதித்த ரியலிசம் இங்கே அவருடைய பொறுமையை விலைபேசும் ரியலிசம் ஆகிவிட்டது.

இதனால்தான் ஒரே சொல்லால் இம்மூன்றையும் குறிப்பது நமக்கு நட்டம் என்கிறேன். பார்வைக்கு ஒத்திருப்பதைத் 'தத்ரூபம்' என்றே சொல்லலாம். சாலையில் வண்டி நடந்துகொள்ளும் முறையில் ஒத்திருப்பதை 'இயக்க ஒப்புமை' எனலாம். மூன்றாவதற்குப் புதிய பெயர் வேண்டியதில்லை. வணிகம் என்ற பழைய பெயரே போதும். இரண்டாவதற்கு இதனினும் பொருத்தமான சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.