மாட்டை யார் பார்க்கிறது?

ஐப்பசி பிறந்துட்டா எங்க டெல்டாவில் கிழக்கு வானத்தைப் பார்க்காத விவசாயி கிடையாது. ஒவ்வொரு புயல் வரும்போதும் டிவியில் ஒரு வரி ஓடும்: "அதிகாரிகள் எச்சரித்தும் மக்கள் வெளியேற மறுக்கிறார்கள்." ஏதோ நமக்கெல்லாம் உயிர் மேல ஆசையே இல்லாத மாதிரி. போறதா, இருக்கிறதாங்கிற கேள்வியே நம்ம ஊருக்குப் புதுசு. நம்ம தாத்தா காலத்துல அப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. அந்தக் கேள்வி எப்படி வந்ததுன்னு கொஞ்சம் எழுதலாம்னு தோணுச்சு.

1864 அக்டோபரில் கல்கத்தாவை ஒரு புயல் அடிச்சது. செத்தவங்க 50 ஆயிரத்துக்கு மேல். அடுத்த மாசமே மசூலிப்பட்டினத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரன் விழித்துக்கொண்டு 1865ல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தான். இன்னைக்கு "நாகையில் கூண்டு ஏத்தியாச்சு"ன்னு சொல்றோமே, அந்த வழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கு. 1லிருந்து 11 வரை எண். 11ன்னா எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். இந்தக் கூண்டு யாருக்கு? கப்பல்காரனுக்கு. நங்கூரத்தை எடுத்துட்டு கடலுக்குள்ள போகணுமா, கரையிலேயே நிற்கணுமான்னு அவன் முடிவு பண்ண. பத்து மைல் உள்ளே நாத்து நட்டுட்டு நிற்கிறவனுக்கு அதில் ஒரு சேதியும் கிடையாது. எங்க ஊருக்குக் கூண்டு சேதி மீன் விக்க வர்ற அம்மா மூலமாத்தான் வரும்னு அப்பா சொல்வார்.

1952 நவம்பர் 30ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரை ஏறிய புயலில் சுமார் 400 பேர் போனாங்க. கடல் தண்ணி நாலடி உயரத்துக்கு ஏறி, அஞ்சு மைல் வரைக்கும் உள்ளே வந்ததாகக் கணக்கு. 1964ல் தனுஷ்கோடி. டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை, நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்கும்போதே அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. தந்தியும் சிக்னலும் வைத்திருந்த ரயில்வேக்கே அந்தக் கதின்னா, குடிசையில் படுத்திருந்தவன் என்ன முடிவு எடுத்திருக்க முடியும்?

1977 தான் எங்க வீட்டுப் புயல். தீபாவளி முடிஞ்ச கையோட வந்தது. நவம்பர் 12 விடியற்காலை, நாகைக்குக் கொஞ்சம் தெற்கே கரை கடந்தது. இந்தத் தடவை ரேடியோவில் சொன்னாங்க. திண்ணையில் இருந்த பெருசுங்க கேட்டுட்டு, "அம்பத்திரண்டுல வந்ததைவிடவா வந்துடப் போவுது? அப்பவே நம்ம தெருவுக்குத் தண்ணி வரல"ன்னு சொல்லிட்டாங்களாம். பார்த்த புயலை வைத்து வரப்போற புயலை அளக்கிறது. எல்லா ஊர்லயும் இந்த அளவுகோல் உண்டு. ஆனா 77 புயல் தண்ணியைவிடக் காத்தால்தான் அடிச்சது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வரைக்கும் மணிக்கு 120 கிலோமீட்டர். 560 பேர் இறந்தாங்க, பத்து லட்சம் பேருக்கு வீடில்லை. மாடுகள் மட்டும் 23 ஆயிரம். எங்க தொழுவத்துல ரெண்டு ஜோடி இருந்ததாம், கூரை விழுந்து ஒரு ஜோடி அப்படியே நசுங்கிடுச்சு. கழுத்துல கயிறு. அப்பா எந்தப் புயலைப் பத்திப் பேசினாலும் அந்தக் கயிற்றில் வந்துதான் நிற்பார். ஏழே நாளில், 19ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமையில் கடலே எழுந்து வந்து பத்தாயிரம் பேருக்கு மேல் வாரிக்கிட்டுப் போனது. நம்ம புயல் அதோட பெரும் பேச்சில் மறைஞ்சு போச்சு.

77ல் இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது. கடலோரத்தை விட்டு மேற்கே ஓடினா மட்டும் தப்பிக்க முடியாது, திருச்சியிலயும் அதே காத்துதான். அலையிலிருந்து தப்பக் கரையை விட்டு வரணும், சரி. காத்திலிருந்து தப்பணும்னா ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை, கூரையை விட்டுப் போகணும். ஓலை வீட்டிலிருந்து கான்கிரீட் கட்டடத்துக்கு. நூறு கிலோமீட்டர் இல்லை, பல சமயம் நூறு கெஜம்தான். அந்த நூறு கெஜத்தைத்தான் பலபேர் தாண்ட மாட்டேங்கிறாங்க.

ஏன்னு கேட்டா, வங்கதேசத்துப் பக்கம் போய்ப் பார்க்கணும். 1970 நவம்பரில் அங்கே வந்த போலா புயலில் செத்தவங்க மூணு லட்சத்துக்கு மேல். அதற்கப்புறம் செஞ்சிலுவைச் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து ஊர் ஊராகத் தொண்டர்களைத் தயார் பண்ணினாங்க. கொடி ஏத்தறது, மெகாபோனை வச்சுக்கிட்டு சைக்கிள்ல சொல்லிட்டுப் போறதுன்னு. ஆகவே 1991 ஏப்ரல் 29 புயலுக்குச் சேதி போகலைன்னு சொல்ல முடியாது, நிறைய பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியும் சுமார் 1,38,000 பேர் இறந்தாங்க. மிஞ்சினவங்களைக் கேட்டப்போ வந்த பதில்கள் அப்படியே நம்ம தெருப் பேச்சு. போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரல. வீட்டைப் பூட்டிட்டுப் போனா திருடன் பூந்துடுவான். அந்நிய ஆம்பளைங்க நடுவுல பொம்பளைங்க எப்படிப் படுக்கிறது? ஆடு மாட்டை யார் பார்க்கிறது?

இதில் கடைசிக் கேள்விக்கு அங்கே முன்னாடியே ஒரு பதில் செய்து பார்த்திருந்தாங்க. போலா புயலுக்குப் பிறகு எழுபதுகளில், ஷேக் முஜிப் காலத்தில், வயல்வெளி நடுவே மண்ணைக் கொட்டி உயரமான மேடுகள் போட்டாங்க. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய் ஏத்திவிட. பேரு கில்லா, அதாவது கோட்டை. 'முஜிப் கில்லா'ன்னே சொல்வாங்க. பெரிய விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை, மண்ணுதான். ஆனா போட்டவனுக்கு விவசாயியோட மனசு தெரிஞ்சிருக்கு. மாட்டுக்கு இடம் காட்டினா மனுஷன் தானா நடந்து வருவான்.

ஒடிசாவும் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டது. 1999 அக்டோபர் 29 சூப்பர் புயலில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். அப்போ அங்கே புயல் காப்பகங்கள் மிகக் கொஞ்சம். போகச் சொன்னாலும் எங்கே போறது? பிறகு கடலோரம் முழுக்கக் கட்டினாங்க. 2013ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர்கிட்ட நகர்த்தினாங்க, சாவு பத்துக் கணக்கில் நின்னது. ஜனங்க திடீர்னு புத்திசாலி ஆயிட்டாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. போற இடம் கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்.

நம்ம கஜாவுக்கு வர்றேன். 2018 நவம்பர் 15. வருது வருதுன்னு சொல்லித் தாமதமானதும் போன்ல கேலிப் படம் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். புயல் வர்றதுக்கு முன்னாடியே 80 ஆயிரம் பேருக்கு மேல் 471 முகாம்களுக்குக் கொண்டுபோனாங்க. எங்க வீட்டிலும் அந்திக்கே அம்மாவையும் பிள்ளைங்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாச்சு. "மாட்டை யாருடா பார்க்கிறது?"ன்னு அம்மா கிளம்பவே மாட்டேன்னுச்சு. நானும் தம்பியும் இருக்கோம்னு சொன்னதும்தான் வாசப்படி இறங்குச்சு. தெருவுல பாதி வீட்டில் இதே ஏற்பாடுதான், ஆம்பளைங்க காவல். பொழுது சாயும்போதே நாங்க மாடுகளோட கயிற்றை அவுத்து விட்டுட்டோம். அப்பா சொன்னது அது ஒண்ணுதான்.

நள்ளிரவு பன்னிரண்டரைக்கும் ரெண்டரைக்கும் நடுவுல கரை கடந்தது. முதல்ல வடக்கேயிருந்து அடிச்ச காத்து திடீர்னு நின்னுடுச்சு. அது புயலோட கண்ணு நம்ம மேல வந்து நிற்கிற நேரம். முடிஞ்சுதுன்னு டார்ச்சைத் தூக்கிட்டு வெளியே வந்தவங்க எங்க தெருவிலேயே நாலு பேர். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து மறுபடி பிடிச்சது, முன்னாடியைவிட மோசமா. வடக்குக் காத்துக்குத் தாங்கின தென்னை எல்லாம் அப்போதான் முறிஞ்சது. தமிழ்நாடு முழுக்க நாற்பதுக்கு மேல் உயிர் போச்சு. அந்தக் காத்துக்கு அது குறைவுன்னுதான் சொல்லணும். தென்னை போனதை எழுத ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது. விடிஞ்சு பார்த்தா தொழுவம் தரையோட தரை. மாடு ரெண்டும் வாய்க்கால் கரை மேட்டில் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

அந்த மேட்டைப் பார்த்தப்போதான் கில்லா ஞாபகம் வந்தது. நம்ம டெல்டாவில் அதுக்குப் பழைய பேரே இருக்கு: திடல். வயலுக்கு நடுவுல தண்ணி ஏறாத மேட்டு நிலம். திடல்னு முடியிற ஊர்ப்பேரை நாகை, திருவாரூர் பக்கம் போனா பார்க்கலாம். எங்க ஊர்த் திடலில் பாதி செங்கல் சூளைக்கு மண்ணாப் போச்சு. மிச்சம் இருக்கிறதை ஒரு ஆள் உயரம் ஏத்தி, சுத்தி வேலி போட்டு, ஒரு கைப்பம்பு வைக்கச் சொல்லி கிராம சபையில் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கோம். ரெண்டாவது தடவை ஒருத்தர் கேட்டார்: "மாட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு?" பதில் சொன்னது எங்கம்மா.

"அதுங்களுக்கு இடம் இருந்தா நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவோம்யா."