கையடக்கம்: ஒரு விளையாட்டுக் கருவியின் வரலாறு

'கையடக்கம்' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் அளவைக் குறிக்கவே ஆள்கிறோம். கையடக்கப் பதிப்பு, கையடக்க அகராதி என்றால் சிறியது என்று பொருள் கொண்டு கடந்துவிடுகிறோம். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் 'அடங்குதல்' என்னும் வினை இருக்கிறது. ஒரு பொருள் சிறியதாய் இருப்பது வேறு. அது கைக்கு அடங்கிப் பணி செய்வது வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நமக்குக் கிடைக்கும் நல்ல சான்றுகளுள் ஒன்று கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாறு. இலக்கிய வாசகர்களுக்கு இது அயலான பொருளாகத் தோன்றலாம். எனினும் மனித உடலைக் கருவிகள் எவ்வாறு எண்ணிப் பார்த்தன, எவ்வாறு எண்ண மறந்தன என்பதே இதன் உட்பொருள் ஆகையால், சற்றே பொறுமையுடன் உடன்வருமாறு வேண்டுகிறோம்.

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நின்டென்டோ நிறுவனம் அக்காலத்தில் சீட்டுக்கட்டு தயாரித்து வந்தது. 1965-இல் அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தவர் குன்பேய் யோகோய். பொழுதுபோகாத வேளையில் அவர் தமக்கெனச் செய்துகொண்ட, நீண்டு மடங்கும் பிடிகருவி ஒன்று நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் பட்டது. அது 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் விளையாட்டுப் பொருளாக வெளிவந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அவருடைய முதல் படைப்பே ஒரு செயற்கைக் கை என்பதைப் பின்னால் நிகழ்ந்தவற்றோடு சேர்த்து நினைக்கையில் வியப்புத் தோன்றுகிறது.

அதிவேக ரயிலில் பயணம் செய்தபோது, அலுவலர் ஒருவர் சலிப்பு மேலிட்டுத் தம் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கண்டார் என்பர். அக்காட்சியிலிருந்து 1980-இல் பிறந்ததே 'கேம் அண்ட் வாட்ச்'. கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியால் திரவப்படிகத் திரையும் பொத்தான் வடிவ மின்கலமும் விலை மலிந்திருந்த காலம் அது. பழகித் தேய்ந்து மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்கொள்வதே யோகோய் தம் வாழ்நாள் முழுதும் போற்றிய கொள்கை. இரு கைகளிலும் ஏந்திக் கட்டைவிரல்களால் மட்டுமே ஆடத்தக்க அச்சிறு கருவி, சட்டைப்பையில் அடங்கியது. ஆடாத வேளையில் கடிகாரமாய் மணி காட்டியது.

1982-இல் வந்த 'டாங்கி காங்' என்னும் கேம் அண்ட் வாட்ச், புத்தகம்போல் மடியும் இரட்டைத்திரைக் கருவி. ஆட்டத்தில் நான்கு திசைகளிலும் நகர வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கைப்பிடி வைத்தால் கருவி மடியாது. நான்கு தனிப் பொத்தான்கள் வைத்தால் விரல் எங்கே இருக்கிறதென்று அடிக்கடி குனிந்து பார்க்க நேரும். யோகோய் நான்கையும் ஒன்றாக்கிச் சிலுவை வடிவில் ஒரே பொத்தானாக அமைத்தார். கட்டைவிரல் நடுவில் ஊன்றி நிற்க, சிறிது சாய்த்தாலே திசை மாறும். கண் திரையை விட்டு அகல வேண்டியதில்லை. வீணை வாசிப்பவர் மெட்டுகளைப் பார்த்துக்கொண்டா வாசிக்கிறார்? விரலே இடம் அறியும். அந்த அறிவை விளையாட்டுக் கருவிக்குள் கொண்டுவந்த அமைப்பு இது என்று துணிந்து சொல்லலாம்.

1989-இல் இரு கருவிகள் எதிரெதிர் நின்றன. ஒன்று நின்டென்டோவின் 'கேம் பாய்'. மற்றது அட்டாரியின் 'லிங்க்ஸ்'. லிங்க்ஸுக்கு வண்ணத்திரையும் அதன் பின்னே விளக்கும் இருந்தன. இடக்கைப் பழக்கமுள்ளோர் கருவியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஆடவும் அதில் வழியிருந்தது. கேம் பாயின் திரையோ பாசிப்பச்சை, வண்ணமில்லை, நான்கு சாயல்களே, விளக்கும் இல்லை. ஆயினும் சுவர்க்கடிகாரத்தில் இடும் அளவிலான மின்கலங்கள் நான்கைக் கொண்டு அது ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடியது. லிங்க்ஸுக்கு ஆறு மின்கலங்கள் இட்டும் நான்கைந்து மணி நேரமே உயிர் நின்றது. 1990-இல் வந்த சேகாவின் 'கேம் கியர்' கருவியின் நிலையும் அதுவே. விலையிலும் கேம் பாய் ஏறக்குறைய 90 டாலர், லிங்க்ஸ் அதைப்போல் இருமடங்கு.

லிங்க்ஸ் பற்றி அதன் வடிவமைப்பாளர்கள் பின்னாளில் சொன்ன செய்தி ஒன்று சிந்திக்கத்தக்கது. கருவி உருவாகும்போது மக்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்களாம். கொடுக்கும் பணத்துக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். ஆகவே தேவைக்கு மேல் பெரிதாகச் செய்தனர். கூட்டின் உள்ளே கணிசமான பகுதி வெற்றிடம். 1991-இல் சிறிய வடிவம் ஒன்றை வெளியிட நேர்ந்தது. மேசைமேல் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு நியாயம், அரைநாள் பயணத்தில் ஏந்திச் செல்லும் கைக்கு வேறொரு நியாயம். அவர்கள் கண்ணிடம் கேட்டார்கள், கையிடம் கேட்கவில்லை.

கேம் பாயும் குறையற்றதன்று. வெளிச்சம் போதாத இடத்தில் ஆட முடியாது; வேகமாய் நகரும் உருவங்கள் திரையில் மங்கித் தேய்ந்தன. 1996-இல் வந்த 'கேம் பாய் பாக்கெட்' உருவில் சிறுத்துத் திரையில் தெளிந்தது. ஆனால் 2001-இல் வந்த 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவியிலும் விளக்கில்லை. ஆற்றல் பன்மடங்கு பெருகியும், சன்னலோரம் தேடி அமர வேண்டிய நிலை மாறவில்லை. 2003-இல்தான் மடியும் உடலும் திரைவிளக்கும் கொண்ட புதிய வடிவம் வந்தது. அதிலோ காதுக்கருவி செருகும் துளையை நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டில் நோக்கியாவின் 'என்-கேஜ்' வந்தது. அதில் பேசுவதற்குக் கருவியின் விளிம்பைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். ஆட்டத்தை மாற்றுவதற்கு மின்கலத்தையே கழற்ற வேண்டும். உலகம் நகைத்தது.

கையை அறிந்தவரும் தவறக்கூடும் என்பதற்கு யோகோயே சான்று. 1995-இல் அவர் படைத்த 'விர்ச்சுவல் பாய்' கையடக்கமும் அன்று, வீட்டுக் கருவியும் அன்று. மேசைமேல் தாங்கியில் நிறுத்தி, கழுத்தை முன்னால் நீட்டி, முகத்தைப் புதைத்துச் செந்நிறக் கோடுகளைக் காண வேண்டும். கண்வலி, தலைவலி என்று பலர் முறையிட்டனர். ஓராண்டுக்குள் அது கைவிடப்பட்டது. 1996-இல் யோகோய் நின்டென்டோவிலிருந்து விலகித் தனி நிறுவனம் தொடங்கினார். 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் உயிர்நீத்தார். அவர் பங்களிப்பில் உருவான கடைசிக் கருவியாகிய 'வொண்டர்ஸ்வான்' 1999-இல் பண்டாய் நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. ஒரே ஒரு மின்கலத்தில் ஏறத்தாழ 30 மணி நேரம் ஓடிய அதனைக் குறுக்காகவும் நெடுக்காகவும் பிடித்து ஆடலாம். அதில் அவருடைய சிலுவைப் பொத்தான் இல்லை. மாறாக நான்கு தனிப் பொத்தான்கள் இருந்தன. ஆயினும் கையின்மீது அவர் கொண்டிருந்த பழைய பரிவு அக்கருவியில் திரும்பி வந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

இத்துணையும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. கை, கை என்கிறோமே, அது யாருடைய கை? 1990-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான கடிதம், ஐந்து மணி நேரம் இடைவிடாமல் நின்டென்டோ விளையாடிக் கட்டைவிரலில் கடும் வலி கண்ட 35 வயதுப் பெண்ணைப் பற்றிப் பேசியது. கருவிகளோ பெரும்பாலும் நோவறியாத இளங்கையையே மனத்தில் கொண்டு செய்யப்பட்டன. லிங்க்ஸ் இடக்கையாளருக்குக் காட்டிய சலுகையைப் பின்வந்தோர் பொதுவழக்காகக் கொள்ளவில்லை. 2017-இல் வந்த நின்டென்டோ 'ஸ்விட்ச்' தன் இருபுறக் கைப்பிடிகளையும் கழற்றிக் கைகளை விருப்பம்போல் விலக்கி வைத்துக்கொள்ள இடம் தந்தது. ஒரு விரல் இயங்காதவர் அப்பொத்தானின் வேலையை வேறு பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளும் பொதுவசதி அதில் 2020-இல்தான் சேர்க்கப்பட்டது. முதல் கேம் அண்ட் வாட்ச் வெளிவந்து அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2022-இல் வந்த 'ஸ்டீம் டெக்' ஏறத்தாழ 670 கிராம் எடை கொண்டது. மின்கலங்கள் நீங்கலாகக் கேம் பாயின் எடை 220 கிராம். ஆற்றல் ஏற ஏற எடையும் ஏறுகிறது. மணிக்கட்டு மட்டும் நம் முன்னோருக்கு வாய்த்த அதே மணிக்கட்டுத்தான். பொருள் கைக்கு அடங்க வேண்டுமா, கை பொருளுக்கு அடங்க வேண்டுமா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. நம் மொழி தன் தீர்ப்பை ஒரு சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது.